பந்தை அமத்தினால் போதுமா? பாரிசவாதத்துக்குப் பிறகு கையை மீட்க உதவும் கருவிகள்

வன்னியில் பாரிசவாதம் வந்த ஒருவரின் வீட்டுக்குப் போனால், கட்டிலுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு சின்ன ரப்பர் பந்து கிடக்கும். சுகம் விசாரிக்க வந்த யாரோ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். "இதை அமத்திக்கொண்டே இருங்கோ ஐயா, கை தன்ர பாட்டில சரிவந்திடும்" என்று சொல்லிவிட்டும் போயிருப்பார்கள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அந்த ஐயாவின் விரல்களைப் பாருங்கள். பல பேருக்கு அவை ஏற்கெனவே மடங்கித்தான் இருக்கும். மடக்குவது அவருக்கு வரும், விரிப்பதுதான் வராது. வராத வேலையை அந்தப் பந்து பழக்குவதே இல்லை.

ஒரு பேணியைப் பிடிக்க முதலில் கை விரிய வேண்டும். பிடித்த பேணியை வைத்துவிட மறுபடியும் விரிய வேண்டும். ஆகவே கடையில் எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன், இந்தக் கை இன்றைக்கு எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று பார்க்க வேண்டும். கருவியைத் தேர்வது அதற்குப் பிறகு.

கோளாறு கையில் இல்லை

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைபட்டாலோ வெடித்தாலோ வருவது பாரிசவாதம். மூளையின் இடப்பக்கம் பழுதானால் வலக்கை விழும், வலப்பக்கம் பழுதானால் இடக்கை விழும். கையின் எலும்பும் தசையும் நரம்பும் முதல் நாளில் முன்பிருந்தபடியேதான் இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டளை போடும் இடம்தான் சேதமாகியிருக்கிறது. உடம்பை அசைக்கும் மூளைப் பகுதியில் கைக்கும் விரல்களுக்கும் ஒதுக்கியிருக்கும் இடம், முதுகுக்கும் வயிற்றுக்கும் ஒதுக்கியதைவிட எவ்வளவோ பெரியது. விரல்களின் நுணுக்கமான வேலைக்கு மூளையிலிருந்து நேராக இறங்கும் நரம்புப் பாதை வேண்டும். நடை திரும்பி, வளவுக்குள் உலாவுகிற ஆளுக்கும் சேட்டுப் பொத்தான் பூட்ட முடியாமல் இருப்பது இதனால்தான்.

தப்பிய மூளைப் பகுதிகள் அந்த வேலையில் ஒரு பங்கைப் பழகி எடுத்துக்கொள்ளும். ஆனால் சும்மா எடுத்துக்கொள்ளாது. ஒரே அசைவை மனம் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் புதிய இணைப்புகள் பலப்படும். எத்தனை தரம்? ஆய்வுகூடத்தில் விலங்குகளின் மூளையில் மாற்றம் தெரிய ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் தேவைப்பட்டன. ஆனால் 2009இல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில், வழக்கமான சிகிச்சை நேரம் ஒன்றில் நோயாளிகளின் கை பயனுள்ள அசைவைச் செய்தது சராசரியாக 32 தடவைதான். வசதியான நாட்டிலேயே அப்படி என்றால், துணுக்காயிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ பஸ் ஏறி, பல நாளைக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போய் வருகிறவரின் நிலையை யோசியுங்கள். கை திரும்புவதற்கான வேலையின் பெரும்பங்கு வீட்டு மேசையில்தான் நடந்தாக வேண்டும். கருவி என்று நான் இங்கே சொல்வது, அந்த எண்ணிக்கையைச் சலிப்பில்லாமல் கூட்ட உதவும் எதையும்தான்.

காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெல்ல மெல்ல வரும். "ஆறு மாதம் போட்டுது, இனி வராது" என்று ஊரில் சொல்வது மிகைதான். வேகம் குறைகிறது, கதவு மூடப்படுவதில்லை. நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு சுவையானது. நோய் வந்த இரண்டாம் நாளில் விரலைக் கொஞ்சமாவது நீட்டவும் தோளைப் பக்கவாட்டில் கொஞ்சமாவது உயர்த்தவும் முடிந்தவர்களில் 98 வீதமானோருக்கு ஆறு மாதத்தில் ஓரளவாவது கைப்பயன் திரும்பியது. இரண்டும் முடியாதவர்களிலும் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத் திரும்பியது. அந்த நாலில் ஒருவருக்காகவும் பயிற்சியை விடக் கூடாது.

தொய்ந்து கிடக்கும் கைக்கு

முதல் நாட்களில் பலருடைய கை பாரமாக, துவண்டு கிடக்கும். இப்போது தேவையான முதல் கருவி தலையணை. கதிரையில் இருக்கும்போது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தலையணையில் தாங்கியிருக்க வேண்டும், உள்ளங்கை முழங்கையைவிடச் சற்று உயரமாக. தொங்கவிட்ட கை வீங்கும். வீங்கிய கை நோகும். நொந்த கையை யாரும் அசைக்கமாட்டார்கள். எல்லாம் இப்படித்தான் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும்.

தோள் மூட்டைப் பெருமளவு தசைகள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. தசை தொய்ந்தால் மூட்டு இறங்கும். ஓட்டோவில் ஏற்றும்போதோ கட்டிலிலிருந்து எழுப்பும்போதோ அந்தக் கையைப் பிடித்து இழுப்பதும் கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்குவதும் கூடவே கூடாது. வீட்டு வளையில் கயிறு போட்டு, நல்ல கையால் இழுத்துப் பழுதான கையை மேலே தூக்குகிற கப்பி ஒன்றையும் சில வீடுகளில் கட்டுவார்கள். பார்ப்பதற்கு மும்முரமான பயிற்சி. ஆனால் தோள்வலியைக் கொண்டுவருவதில் அதற்குப் பெயர் கெட்டுப்போயிருக்கிறது, அவிழ்த்து எடுத்துவிடுங்கள். கழுத்தில் மாட்டும் தாங்குபட்டி நிற்கும்போதும் நடக்கும்போதும் போதும். நாள் முழுக்கக் கட்டி வைத்தால் முழங்கை மடங்கியே பழகிவிடும்.

கை ஒன்றுமே அசையாத இந்தக் கட்டத்தில்தான், குறைந்த செலவில் கிடைக்கும் மிக நல்ல கருவி ஒன்று உதவும். அது முகம் பார்க்கும் கண்ணாடி. முழங்கை வரை தெரிகிற அளவு இருந்தால் சரி, விளிம்புக்குச் சட்டம் போட்டிருக்க வேண்டும். மேசைக்கு முன்னால் இருந்து, கண்ணாடியை நெஞ்சுக்கு நேர் நடுவில் நெடுக்காக நிறுத்துங்கள். முகப்பு நல்ல கையைப் பார்க்கட்டும். பழுதான கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். இப்போது நல்ல கையை மெதுவாக விரியுங்கள், மூடுங்கள், புரட்டுங்கள். கண் கண்ணாடியில்தான் இருக்க வேண்டும். பழுதான கை அசைவது போலவே தெரியும். அதே நேரத்தில் பின்னால் இருக்கும் கையையும் அப்படியே அசைக்க முயல வேண்டும், அசையாவிட்டாலும் பரவாயில்லை. மோதிரம், மணிக்கூடு, காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மூளை நம்பாது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம், சில வாரங்களுக்குத் தொடர்ந்து செய்ய வேண்டும். முதலில் விசர் வேலை போலத் தோன்றும். வீட்டில் பேரப்பிள்ளைகள் சிரிக்கவும் கூடும், சிரிக்கட்டும்.

இந்த உத்தியைக் கண்டவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன். 1990களில் அவர் இதைச் செய்தது பாரிசவாத நோயாளிகளுக்காக அல்ல, கையோ காலோ துண்டிக்கப்பட்ட பிறகும் இல்லாத உறுப்பில் நோவு தெரிகிறது என்றவர்களுக்காக. போரிலும் மிதிவெடியிலும் உறுப்பிழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் வன்னியில் அந்த நோவு என்னவென்று விளக்கத் தேவையில்லை. 1999இல் பாரிசவாதக் கைக்கு இதைச் சோதித்த சிறிய ஆய்வொன்று வெளிவந்தது. 2018இல் 62 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு மீளாய்வு, கையின் அசைவு இதனால் மேம்படுகிறது என்றது. ஒரு கண்ணாடித் துண்டுக்கு இது பெரிய சான்றிதழ்.

மின்தூண்டல் கருவியும் இந்தக் கட்டத்துக்கு ஏற்றது. முன்னங்கையின் புறப்பக்கத்தில் ஒட்டும் பட்டைகள் வழியாகச் சிறு மின்னோட்டம் போகும். மணிக்கட்டும் விரல்களும் தாமாக நிமிரும். நிமிரும் அதே நொடியில் நீங்களும் நிமிர்த்த முயன்றால்தான் முழுப்பயன். முதல் தடவை இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) முன்னால்தான் போட வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வலிப்பு வருகிறவர்கள், கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் தொடக் கூடாது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையிலோ தோளிலோ போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு இருந்தால், பழகிப்போன விடயம் என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள், முதலிலேயே சொல்லுங்கள். தோலுக்குக் கீழே உலோகம் இருக்கும் இடத்தில் பட்டை ஒட்டலாமா என்பதை அவர்கள் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஸ்கான் எடுக்கப் போனாலும் இதையே சொல்லுங்கள்.

இறுகி மடங்கும் கைக்கு

வாரங்கள் போகப் போகச் சிலருக்குக் கை இறுகத் தொடங்கும். முழங்கை மடங்கி, மணிக்கட்டு கீழே தொங்கி, பெருவிரல் உள்ளங்கைக்குள் போய்விடும். இதை வலுக்கட்டாயமாகப் பிடித்து விரிக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. செய்ய வேண்டியது இதுதான். முதலில் மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்குங்கள், விரல்கள் தாமாக இளகும். பெருவிரலை அடிப்பக்கத்தில் பிடித்து வெளியே எடுங்கள். பிறகு மற்ற விரல்களை விரித்து, கடைசியாக மணிக்கட்டை மெல்ல நிமிர்த்துங்கள். நோகும் இடத்தில் நிறுத்துங்கள். நகம் வெட்டி, உள்ளங்கையைக் கழுவித் துடைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். எந்நேரமும் மூடியே இருக்கும் கைக்குள் வேர்வை தங்கிப் புண் வரும்.

இரவில் கையை விரித்த நிலையில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் மட்டை ஒன்றை வைத்தியசாலையில் அளவெடுத்துச் செய்து தரக்கூடும். அது கையை நல்ல நிலையில் வைக்கும், அசைவைக் கற்றுத்தராது. மட்டை போட்டிருக்கிறோமே என்று பகல் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. இறுக்கம் கடுமையாக இருந்தால் மாத்திரையும், இறுகிய தசைக்குள் போடும் பொட்டுலினம் ஊசியும் உண்டு. ஊசி சில மாதங்களுக்குத்தான் வேலை செய்யும், அந்த மாதங்களுக்குள் பயிற்சியைக் கூட்டினால்தான் லாபம்.

விரல் ஒரு துளியாவது நீளுகிறதா? அப்படியென்றால் ரப்பர் பட்டி ஒன்றை எடுங்கள். ஐந்து விரல்களின் நுனியையும் சுற்றிப் போட்டு, பட்டிக்கு எதிராக விரிக்கப் பழகுங்கள். பந்து செய்யாத வேலையை இந்தச் சின்னப் பட்டி செய்யும். கடுமையாக இருந்தால் மெல்லிய பட்டிக்கு மாறுங்கள். மூடத் தெரிந்து விரிக்கத் தெரியாத கைக்காகவே செய்த வில்லு (ஸ்பிரிங்) வைத்த கையுறைகள் வெளிநாடுகளில் விற்கின்றன. சேபோ என்ற நிறுவனத்தினுடையது பெயர் பெற்றது. பிடித்ததும் வில்லோ இழுபட்டியோ விரல்களைப் பின்னால் இழுத்து விரித்துவிடும், மறுபடி பிடிக்கலாம். விலை கூட. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவுகள் "என்ன அனுப்ப?" என்று கேட்டால், விரல் மடங்குகிறது ஆனால் விரியவில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு மட்டும் இது உருப்படியான பதில். அனுப்பும் முன் கையளவை இயன்மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் வேலை செய்யும் கைக்கு

இங்கே வந்துவிட்டால் கடைக்கே போக வேண்டியதில்லை. குசினியும் முற்றமும் போதும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய வீட்டுக் கைப்பயிற்சித் திட்டம் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. அதில் வருபவையும் பந்து, பேணி, துவாய், உடுப்புக் கிளிப் மாதிரியான வீட்டுச் சாமான்கள்தான்.

உடுப்புக் கிளிப்பிலிருந்து தொடங்குவோம். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அமத்தித் திறந்து, ஒரு பால்மா பேணியின் விளிம்பில் மாட்டி, பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். இலகுவாக வந்தால் நடுவிரலுக்கு மாறுங்கள். புளியங்கொட்டையைத் தட்டில் பரப்பி ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சிரட்டையில் போடுங்கள். பத்துக் கொட்டை தடுமாறாமல் வந்தால் பயறுக்கு இறங்குங்கள். பெரிய சாமானிலிருந்து சின்னதுக்கு, பாரமில்லாததிலிருந்து பாரத்துக்கு, ஆறுதலாகச் செய்வதிலிருந்து வேகத்துக்கு என்று படியேற வேண்டும். எந்த நேரமும் கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் பாதிக்கு மேல் சரிவர வேண்டும். எதுவுமே சரிவராவிட்டால் மனம் விட்டுப்போகும், எல்லாமே சரிவந்தால் மூளை எதையும் கற்காது.

பிள்ளைகளோடு தாயமோ கரம்போர்டோ விளையாடுவதும் பயிற்சிதான். சோகி குலுக்கி எறிவதற்குக் கை மூடி, புரண்டு, விரிய வேண்டும். ரொட்டிக்கு மா குழைப்பது நல்லது. கடையில் நிறநிறமாக, இறுக்கத்துக்கு ஒரு நிறமாக விற்கும் பிசையும் ரப்பர் களியின் வேலையை அது செய்யும், தண்ணியைக் கூட்டிக் குறைத்து இறுக்கத்தையும் மாற்றலாம். ஆனால் குழைப்பதோடு விடாதீர்கள். மாவை உள்ளங்கையால் தட்டிப் பரத்துங்கள், அதில்தான் விரல்கள் நீளும். கச்சான் உடைப்பது, முருங்கையிலை உருவுவது, துவாய் மடிப்பது, சுளகை இரண்டு கையாலும் பிடித்துப் புடைப்பது எல்லாம் கணக்கில் சேரும்.

இன்னொன்று, அந்த மனிதர் முன்பு என்ன செய்தார் என்று பாருங்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் வலை பொத்திய ஆளுக்குப் புளியங்கொட்டை சலிக்கும், வலையும் ஊசியும் கொடுத்தால் மத்தியானம் வரை இருப்பார். விசுவமடுவில் தோட்டம் செய்த அம்மாவுக்கு மிளகாய்க் கன்று நடும் ஆசை இருக்கும், பொலித்தீன் பையில் மண் நிரப்பக் கொடுங்கள். தனக்குப் பொருளுள்ள வேலையை மனிதர் அலுக்காமல் செய்வார், அலுக்காமல் செய்தால் எண்ணிக்கை கூடும். சோறும் அப்படித்தான். பழுதானது வலக்கை என்றால், நாளுக்கு ஒரு நேரமாவது, குழைத்துத் திரட்டிய சோற்றை அந்தக் கையாலேயே எடுத்துப் பார்க்கட்டும். மேசையில் சிந்தும், சிந்தட்டும். அவசரமில்லாத நேரமாக, பார்வையாளர் இல்லாத நேரமாக இருந்தால் நல்லது. மானம் பார்க்கிற ஆட்களுக்கு அது பெரிய விடயம்.

நல்ல கையைக் கட்டிப்போடும் முறை ஒன்றும் இருக்கிறது. பழுதான கை மெதுவாக இருப்பதால் எல்லாவற்றையும் நல்ல கையே செய்துவிடும். நாளடைவில், அசையக்கூடிய கையும் அசையாமல் இருக்கப் பழகிவிடும். அதனால் நல்ல கைக்குத் தடித்த கையுறை மாட்டி, பழுதான கையை வேலைக்கு இழுப்பார்கள். அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வில், நோய் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேர் சேர்ந்தார்கள். இந்த முறையைப் பெற்றவர்கள் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி கையுறையோடு இருந்து, பகலில் மணிக்கணக்காகப் பயிற்சியும் செய்தார்கள். அவர்களின் கைப்பயன் மற்றவர்களைவிட நன்றாகக் கூடியது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நிமிர்த்த முடிந்தவர்களையே அதில் சேர்த்தார்கள். ஒன்றுமே அசையாதவருக்கு இது வெறும் சித்திரவதை. வீட்டில் செய்வதென்றால் இயன்மருத்துவரிடம் கேட்டு, நாளுக்கு ஓரிரு மணி நேரத்தில் தொடங்குங்கள். பழைய காலுறையைக் கையில் மாட்டினாலும் போதும். நடக்கும்போதும் அடுப்படியிலும் கிணற்றடியிலும் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

விலை கூடிய இயந்திரங்கள்

இணையக் கடைகளில் இப்போது "ரோபோ கையுறை" என்று ஒன்று நிறைய விற்கிறது. காற்றை அடித்து விரல்களை மூடித் திறக்கும். இறுக்கம் பிடிக்காமல் மூட்டை அசைத்து வைக்க உதவலாம். ஆனால் கையைக் கையுறையிடம் ஒப்படைத்துவிட்டு நாடகம் பார்த்துக்கொண்டிருந்தால், அசைவது கையுறை மட்டும்தான். அது திறக்கும்போது நீங்களும் திறக்க முயல வேண்டும். பிரித்தானியாவில் 770 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய இயந்திரக் கையோடு செய்த பயிற்சி கூட வழக்கமான சிகிச்சையைவிடக் கைப்பயனைக் கூட்டவில்லை. கடன்பட்டு வாங்க வேண்டிய சாமான் இது இல்லை என்பது என் அபிப்பிராயம். அந்தக் காசை கிளினிக் போய்வரும் ஓட்டோக்கூலிக்கு வைத்தால் கூடப் பலன் அதிகம்.

கை திரும்பும் வரை நாளாந்த வேலையை நடத்துவதற்கான சாமான்கள் வேறு, அவற்றுக்கும் காசு தேவையில்லை. கரண்டிப் பிடியைச் சைக்கிள் ரியூபால் சுற்றித் தடிப்பாக்குங்கள். கோப்பைக்குக் கீழே ஈரத்துணி போட்டால் நழுவாது. சேட்டுப் பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டி தைக்கலாம். பழுதான கையை உதவாத கை என்று ஒதுக்காமல், கதிரையில் இருந்து எழுதும்போது தாளைப் பிடிக்க, பாண் வெட்டும்போது பாணை அமத்த என்று உதவிக்காவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் தடவுவதைப் பற்றிக் கேட்பார்கள். மெதுவாகத் தடவினால் சுகமாக இருக்கும், தீங்கில்லை, ஆனால் பயிற்சிக்கு அது ஈடாகாது. சூட்டு ஒத்தடம்தான் பயம். பலருக்கு அந்தக் கையில் உணர்வும் குறைந்திருக்கும், வெந்தாலும் தெரியாது. சுடுதண்ணியை எப்போதும் நல்ல கையால் தொட்டுப் பாருங்கள்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவுகள் உண்டு, அரச வைத்தியசாலை என்பதால் கட்டணமில்லை. போகும்போது வீட்டில் வைத்திருக்கும் பந்து, பட்டி, கையுறை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வீட்டில் செய்யும் பயிற்சியைக் கைபேசியில் எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது, பிழையை உடனே திருத்துவார்கள். கை திடீரென வீங்கிச் சிவந்து, தொட்டாலே நொந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காதீர்கள். முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, மற்றக் கையும் விழுந்தாலோ அது புதிய பாரிசவாதமாக இருக்கலாம். எண்ணெய், பத்தியம் என்று நேரம் கடத்தாமல் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள், வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.